முன்னோட்டத்தில் ஒன்று, பிரவுசரில் வேறொன்று: புகார்

அனுப்புநர்:
இணையதள வடிவமைப்பாளர்கள்,
வண்ணார்பேட்டை, திருநெல்வேலி.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: உங்கள் இணையப்பக்க எடிட்டர் ஏற்றுமதி செய்யும் கோப்பில் டாக்டைப் வரி (பக்கத்தை எந்த முறையில் வரைய வேண்டும் என்று பிரவுசருக்குக் காட்டும் முதல் வரி) விடுபடுவது தொடர்பாக.

வணக்கம்.

பத்தமடைப் பாய் விலைப்பட்டியல் ஒன்றை உங்கள் எடிட்டரில் செய்தோம். பக்கத்தின் முழு உள்ளடக்கத்தையும் தாங்கும் 'பாடி' டேக்குக்கு எழுத்தளவு 20 பிக்சல். முன்னோட்டத்தில் அட்டவணைக்குள்ளும் 20 தான். ஏற்றுமதி செய்து குரோமில் திறந்தால், மற்ற எழுத்தெல்லாம் அப்படியே இருக்க, அட்டவணை மட்டும் 16க்குச் சுருங்கிவிடுகிறது. விலையே அந்த அட்டவணையில்தான் இருக்கிறது.

கேஷை (பிரவுசர் சேமித்து வைத்திருக்கும் பழைய நகலை) அழிக்கச் சொல்லிப் பதில் அனுப்பினீர்கள். கேஷுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஏற்றுமதியான கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள்: டாக்டைப் வரி இல்லாமல் நேராக எச்டிஎம்எல் டேக்கில் தொடங்குகிறது. அந்த வரி இல்லாத பக்கத்தைப் பிரவுசர் பழைய காலத்து 'குவர்க்ஸ்' முறையில் வரைகிறது. அந்த முறையில் பாடியின் எழுத்தளவு அட்டவணைக்குள் இறங்காது. பிரவுசரின் இயல்பான 16க்குப் போய்விடும்.

அப்படியானால் முன்னோட்டத்தில் மட்டும் எப்படிச் சரியாக வருகிறது? நீங்கள் அதை ஐஃப்ரேமின் (பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தைக் காட்டும் சட்டத்தின்) எஸ்ஆர்சிடாக் வழியாக, அதாவது கோப்பைத் திறக்காமல் அதன் எச்டிஎம்எல்லை நேரடியாக உள்ளே கொடுத்து, காட்டுகிறீர்கள். எஸ்ஆர்சிடாக்கில் வரும் பக்கத்துக்கு டாக்டைப் இல்லாவிட்டாலும் பிரவுசர் இன்றைய விதிகளின்படி வரையும் 'ஸ்டாண்டர்ட்ஸ்' முறையையே கொடுக்கும். ஆக, பிழையை உங்கள் முன்னோட்டமே மறைத்துவிடுகிறது. பிரவுசரின் டெவலப்பர் கருவியில் உள்ள கன்சோலில் 'டாக்குமென்ட்.காம்பாட்மோட்' அடித்தால் தெரிந்துவிடும்: ஏற்றுமதிக் கோப்பில் 'பேக்காம்பாட்' (குவர்க்ஸ்), முன்னோட்டத்தில் 'சிஎஸ்எஸ்1காம்பாட்' (ஸ்டாண்டர்ட்ஸ்). முன்னோட்டத்தைச் சோதிக்கும்போது கன்சோலின் மேலே உள்ள பட்டியலில் அந்த ஐஃப்ரேமைத் தேர்ந்தெடுக்க மறக்க வேண்டாம். இல்லையென்றால் எடிட்டர் பக்கத்தின் விடைதான் வரும்.

பக்கத்தைத் திரையின் அகலத்துக்கே வரையச் சொல்லும் வியூபோர்ட் மெட்டா வரியும் கோப்பில் இல்லை. அதனால் கைபேசி பக்கத்தை ஏறத்தாழ 980 பிக்சல் அகலத்துக்கு வரைந்து திரைக்குள் சுருக்குகிறது. உங்கள் 'மொபைல்' முன்னோட்டமோ 360 பிக்சல் ஐஃப்ரேம். அதில் எல்லாம் அளவாகத்தான் தெரியும். எழுத்துகள் எந்தக் குறிமுறையில் உள்ளன என்று சொல்லும் யூடிஎஃப்-8 அறிவிப்பும் கிடையாது. சர்வர் அதைச் சொல்லாத இடங்களில் தமிழ் எழுத்து முழுக்கச் சிதையக்கூடும்.

ஒவ்வொரு ஏற்றுமதிக்கும் பிறகு இந்த மூன்று வரியையும் நாங்கள் கையால் சேர்க்க வேண்டியிருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய மென்பொருளில் இந்த வேலை எங்கள் தலையில் விழுவது நியாயமில்லை. ஏற்றுமதியிலேயே மூன்றும் வர வேண்டும். முன்னோட்டம் ஏற்றுமதிக் கோப்பையே எஸ்ஆர்சி வழியாக (கோப்பின் முகவரியைக் கொடுத்து) திறந்து காட்ட வேண்டும். எந்தப் பதிப்பில் திருத்துவீர்கள் என்று எழுத்து மூலம் தெரிவியுங்கள். அதுவரையான காலத்துக்குச் சந்தாவை நீட்டித்துத் தாருங்கள்.

இப்படிக்கு,
வடிவமைப்புக் குழுவினர்.