கச்சான் காற்று பிழையான விடையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

தரம் 5 படிக்கும் என் பேத்தியின் தவணைப் பரீட்சை விடைத்தாளைப் பார்த்து மனம் நொந்தேன். தென்மேற்கிலிருந்து வீசும் காற்று எது என்ற வினாவுக்குக் 'கச்சான்' என்று எழுதியிருந்தாள். பிழை என்று சிவப்பு மையால் வெட்டியிருந்தார்கள். திருகோணமலைக் கடற்தொழிலாளர் எவரைக் கேட்டாலும் அதுவே சரி என்பார்கள். திருத்தியவருக்குக் கச்சான் என்றால் வறுத்து விற்கும் கடலை மட்டுமே தெரிந்திருக்கிறது போலும். அதே வகுப்பில், மூதூரிலிருந்து வந்து சேர்ந்த மாணவி உறவுமுறை வினாவுக்குச் 'சாச்சா' என்று எழுதிப் புள்ளி இழந்தாள். வாப்பாவின் தம்பியை அவள் வேறு எப்படி அழைப்பாள்?

தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் சேர்ந்து வாழும் மாவட்டம் இது. வெருகல் பக்கம் தமிழ் பேசும் வேடர் சமூகப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். தமிழே பல விதமாக ஒலிக்கும் இடத்தில் ஒரே சொல்லை மட்டும் விடையாக ஏற்பது, பிள்ளையின் அறிவை அல்ல, அது பிறந்த வீட்டை அளப்பதாகும்.

பாடநூற் சொல்லைக் கற்பிக்க வேண்டும்தான், மறுக்கவில்லை. எழுத்துத் தமிழைச் சோதிக்கும் வினாவில் அதைக் கேளுங்கள். சுற்றாடல் அறிவைச் சோதிக்கும் வினாவில் ஊர்ச் சொல்லுக்கும் முழுப் புள்ளி கொடுங்கள். தவணைப் பரீட்சைப் புள்ளித் திட்டம் தயாரிக்கும்போது மூதூர், கிண்ணியா, வெருகல் ஆசிரியர்களையும் அழைத்து உட்கார வையுங்கள். அடுத்த தவணைக்கே இதைச் செய்யலாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
திருகோணமலை.