தம்பிக்கு, செந்தூல் பட்டறையிலிருந்து

செந்தூல், கோலாலம்பூர்
ஞாயிற்றுக்கிழமை மாலை

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அனுப்பிய பணத்தில் முதலில் அவளை டாக்டரிடம் அழைத்துப் போ. வீட்டுக் கூரை அடுத்த மாதம் வரை பொறுக்கும்.

போன புதன்கிழமை போனில் நீ சொன்ன ஒரு செய்தி என்னைத் தூங்கவிடவில்லை. "வண்டி கொஞ்சம் சூடு காட்டியது அண்ணே, பள்ளிக்கூடத்து அடிபம்பில் ஒரு குடம் பிடித்து ரேடியேட்டரில் ஊற்றினேன், சரியாகிவிட்டது" என்றாய். சரியாகவில்லை, தம்பி. போனில் நான் எதைச் சொன்னாலும் "சரி அண்ணே" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதமாக எழுதுகிறேன். படித்துவிட்டு, பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் உன் வேனிலேயே பத்திரமாக வைத்துக்கொள்.

நான் வேலை செய்யும் பட்டறை செந்தூலில் ரயில் பாதைக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிறது. முதலாளியின் தாத்தா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ரப்பர்த் தோட்டத்துக்கு வந்தவர். முதலாளி காலையில் பார்த்ததும் "பசியாறிவிட்டாயா?" என்றுதான் கேட்பார். இங்கே வணக்கம் சொல்வதே அப்படித்தான். ரிங்கிட்டை நம்மவர்கள் 'வெள்ளி' என்கிறார்கள். மெக்கானிக்குக்கு 'போமன்' என்று பெயர். முதல் வாரம் என்னை யாரோ "போமன்!" என்று கூப்பிட்டபோது வேறு யாரையோ அழைக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

குளிர்காலம் என்று ஒன்று இங்கே கிடையாது. வருடம் முழுவதும் பகலில் 32, 33 டிகிரி வெயில். பிற்பகல் நாலு மணிக்கு வானம் இருண்டு கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும். பனி உறையாத இந்த ஊரில் எஞ்சினைக் குளிர்விக்க ஏன் கூலண்ட் என்ற திரவம், தண்ணீர் போதாதா என்று வந்த புதிதில் முதலாளியிடமே கேட்டேன். அவர் பதில் சொல்லாமல், குப்பையில் கிடந்த பழைய வாட்டர் பம்ப் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். உள்ளே சுழலும் இறக்கைகள் பாதி கரைந்து போயிருந்தன. சுற்றிலும் செங்கல் பொடி போலத் துரு. வெறும் தண்ணீரில் ஓடிய பம்ப் அது.

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. கூலண்டில் இருப்பது எத்திலீன் கிளைக்கால் என்ற திரவம், நல்ல தண்ணீர், அவற்றோடு கொஞ்சம் துருத்தடுப்பு மருந்து. குளிர்நாட்டுக்காரனுக்கு அது உறையாமல் இருப்பது முக்கியம். பாதிக்குப் பாதி கலந்தால் சுழியத்துக்குக் கீழே 37 டிகிரி வரை உறையாது. அது நமக்கு வேண்டியதில்லை. நமக்கு வேண்டியது மற்ற இரண்டும்: எளிதில் கொதிக்காமல் இருப்பது, உள்ளே இருக்கும் அலுமினியம், இரும்பு, ரப்பர் எதையும் அரிக்காமல் இருப்பது.

அப்பா தன் அம்பாசடரில் தினமும் சொம்பில் தண்ணீர் ஊற்றித்தானே ஓட்டினார் என்று நீ கேட்பாய். ஊற்றினார். அந்த எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டும் அடிப்பகுதியான பிளாக்கும் இரண்டுமே வார்ப்பிரும்பு. நிறையப் பொறுத்துக்கொள்ளும். அப்படியும் ரேடியேட்டர் அடைத்து இரண்டு முறை புதுக்கோட்டைக்குக் கொண்டுபோய்க் கம்பி விட்டுச் சுத்தம் செய்யவில்லையா? நீ அப்போது சிறுவன், நான்தான் கூடப் போனேன். உன் ஆம்னி வேனின் ஹெட் அலுமினியம். சூடு அளவு மீறினால் அது வளைந்துவிடும். ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு வளைவு வந்தாலே, ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே அடைக்கும் கேஸ்கட் தகடு சரியாக உட்காராது. தலைமுடியின் பருமன்கூட அதைவிட அதிகம்.

நம் ஊர்த் தண்ணீரை நினைத்துப் பார். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அம்மா புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து எடுப்பாளே, அதே உப்புப் படிவுதான் எஞ்சினுக்குள்ளும் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படிகிறது. படிந்த இடத்தில் சூடு வெளியேற வழியில்லை. அங்கே புளி போட்டுத் தேய்க்க யாருடைய கையும் போகாது.

ரேடியேட்டர் மூடியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நம் ஊரில் அதை யாரும் மதிப்பதில்லை. அது வெறும் மூடி அல்ல, குக்கரின் வெயிட் போன்றது. 0.9 என்று எழுதியிருந்தால், வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் அதில் கிட்டத்தட்ட 0.9 பங்கு கூடுதல் அழுத்தத்தை உள்ளே தாங்கிப் பிடிக்கும். அந்த அழுத்தத்தில் தண்ணீர்கூடக் கிட்டத்தட்ட 118 டிகிரி வரை கொதிக்காது. கூலண்ட் இன்னும் மேலே தாங்கும். மூடியின் ரப்பர் வெடித்துவிட்டால் அழுத்தம் நிற்காது, நூறு டிகிரியை ஒட்டியே கொதிக்கத் தொடங்கிவிடும். எஞ்சின் ஆறும்போது, வழிந்த கூலண்ட் போய் நிற்கும் பிளாஸ்டிக் டப்பாவிலிருந்து கூலண்டைத் திரும்ப இழுத்துக்கொள்ளவும் அதே மூடியில் இன்னொரு சின்ன வால்வு இருக்கிறது. காலையில் ரேடியேட்டரின் மேல் ஹோஸ், அதாவது மேல்பக்க ரப்பர்க் குழாய், சப்பையாக ஒட்டிக் கிடந்தால் அந்த வால்வு அடைத்துவிட்டது என்று பொருள்.

சூடான மூடியை மட்டும் ஒருபோதும் திறக்காதே. ஆவி அடங்காத குக்கரைத் திறந்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். என்னோடு வேலை பார்க்கும் ஒரு பையனின் முன்கையில் தோல் இன்னும் இளஞ்சிவப்பாகத்தான் இருக்கிறது.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு கார் இழுவை வண்டியில் வந்தது. ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவருடையது. தகப்பனார் திதிக்காக ஈப்போவுக்குப் போய்க்கொண்டிருந்தாராம். வழியில் எஞ்சின் சூட்டைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்திருக்கிறது. அடுத்த ஓய்விடத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டியிருக்கிறார். எஞ்சின் எண்ணெய் மூடியைத் திறந்தேன். உள்ளே தே தாரிக் நிறம். தே தாரிக் என்றால் இங்கே ஆற்றிக் கொடுக்கும் பால் தேநீர். எண்ணெயில் தண்ணீர் கலந்தால் அப்படித்தான் தெரியும். ஹெட் வளைந்து கேஸ்கட் போயிருந்தது. தேடிப் பார்த்தால் காரணம் ஒரு சின்ன ஹோஸ், கிளிப் பக்கத்தில் நூலளவு வெடிப்பு. மாதக்கணக்காகச் சொட்டியிருக்கிறது. அந்த அம்மா குறையும்போதெல்லாம் குழாய்த் தண்ணீரை ஊற்றி நிரப்பியிருக்கிறார். மருந்து நீர்த்துப் போய் உள்ளே இருந்ததெல்லாம் துருத் தண்ணீர். பில்லைப் பார்த்துவிட்டு அவர் ஒன்றும் பேசவில்லை. கைப்பையைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார். நீ ஊற்றிய குடம் அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

மூடிய சுற்றில் ஓடும் கூலண்ட் வெயிலில் வற்றிப் போவதில்லை. குறைந்தால் எங்கோ போகிறது என்று அர்த்தம். ஹோஸ், ரேடியேட்டர் ஓரம், பம்பின் அடிப்பகுதி எல்லாவற்றையும் பார். வெளியே ஈரமே இல்லாமல் குறைந்தால், புகைபோக்கியில் வெள்ளைப் புகையும் இனிப்பு வாடையும் வந்தால், உள்ளே எரிகிறது. உடனே வண்டியை நிறுத்திவிடு.

சூடு காட்டும் முள்ளை முழுதாக நம்பாதே. கூலண்ட் மொத்தமும் போய்விட்டால் சென்சார் ஆவியில் தொங்கும், முள் தப்பாகக் கீழே காட்டும். எஞ்சின் ஆறியிருக்கும் காலை நேரத்தில் அந்த வெளிறிய பிளாஸ்டிக் டப்பாவைப் பார்ப்பதுதான் சரி. இரண்டு கோட்டுக்கும் நடுவே நிற்க வேண்டும். முதல் குழந்தையை ஏற்றப் புறப்படுமுன் அரை நிமிட வேலை.

இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. நீ ஊற்றிய தண்ணீரை, எஞ்சின் நன்றாக ஆறியபின், முழுக்க இறக்கிவிடு. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் வாங்கி நிரப்பி, மேல் ஹோஸ் சூடாகும் வரை ஓடவிட்டு, ஆறவைத்து மறுபடி இறக்கு. தெளிவாக வரும் வரை இப்படிச் செய். பிறகு கூலண்ட். லேபிளைப் படி: அப்படியே ஊற்றுவதா, தண்ணீர் சேர்ப்பதா என்று எழுதியிருக்கும். கெட்டியானதை அப்படியே ஊற்றினால் இன்னும் நல்லது என்று நினைத்துவிடாதே. தனிக் கிளைக்கால் தண்ணீர் அளவுக்குச் சூட்டைச் சுமக்காது. நிறத்தைப் பார்த்தும் வாங்காதே. பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் கம்பெனிக்காரர்கள் கலக்கும் சாயம். ஒன்றோடொன்று சேராத இரண்டு வகை கலந்தால் கூழ் போலத் திரளும். பழைய பச்சை வகை சுமார் இரண்டு வருடம், நீண்டகால வகை ஐந்து வருடம் என்பார்கள். உன் வேனின் கையேட்டில் உள்ளதையே பின்பற்று.

அங்கே மெக்கானிக் யாராவது "தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தால் சூடே வராது" என்று சொன்னால் சம்மதிக்காதே. எஞ்சின் சூடாகும் வரை கூலண்டை ரேடியேட்டர் பக்கம் விடாத வால்வு அது. நானும் அறந்தாங்கியில் அப்படி எத்தனையோ வண்டிகளில் எறிந்திருக்கிறேன். தவறு. எஞ்சின் தன் சூட்டுக்கு வராமலே ஓடும், பெட்ரோல் அதிகம் குடிக்கும், தேய்மானமும் கூடும். அந்த வண்டிக்காரர்களை நினைத்தால் இன்றைக்கும் மனது கஷ்டப்படுகிறது.

இங்கே கெந்திங் மலைக்கு ஏறும் பாதை சுமார் 1,800 மீட்டர் உயரம் போகிறது. விடுமுறை நாளில் சூடேறிப்போய் ஓரத்தில் பானெட்டைத் தூக்கி வைத்து நிற்கும் கார்களைப் பார்ப்பேன். உன் ஆம்னியில் எஞ்சின் முன் இருக்கைக்கு அடியிலேயே இருக்கிறது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை நீ அங்கேதான் உட்கார வைக்கிறாய். சூடு ஏறினால் முதலில் ஓரம் கட்டி நிறுத்து, பிள்ளைகளை வண்டிகள் ஓடும் பக்கமாக அல்லாமல் ஓரப் பக்கமாக இறக்கி நிழலில் உட்கார வை, பிறகுதான் மற்றது. அரை மணி நேரமாவது எதையும் தொடாதே. சூடேறிக் கிடக்கும் எஞ்சினில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் உலோகம் வெடித்துவிடலாம்.

கூலண்ட் இனிக்கும் விஷம். மிச்சத்தைக் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வேனில் வைத்துவிடாதே. தாகமெடுத்த பிள்ளைக்கு அது கலர் சோடாவாகத் தெரியும். இறக்கியதையும் கொல்லையில் கொட்டாதே, நாய் நக்கினாலும் செத்துவிடும். இங்கே பட்டறையில் அதற்குத் தனிப் பீப்பாய் இருக்கிறது. நீ ஒரு கேனில் பிடித்து, குறிப்பு எழுதி ஒட்டி, வண்டிக் கம்பெனியின் சர்வீஸ் நிலையத்தில் கேட்டுக் கொடு.

தைப்பூசத்துக்குப் பத்துமலை போயிருந்தேன். 272 படியும் ஏறினேன். உன் பெயருக்கும் அம்மா பெயருக்கும் அர்ச்சனை செய்தேன்.

நம் ஊர்க்காரர் ஒருவர் அடுத்த மாதம் வருகிறார். புது மூடி ஒன்று அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். நாளைக் காலை எஞ்சின் ஆறியிருக்கும்போது உன் பழைய மூடியின் மேல் என்ன எண் இருக்கிறது என்று பார்த்து, படம் எடுத்து அனுப்பு. 0.9 என்றா, 1.1 என்றா? அதே எண்தான் வாங்க வேண்டும்.

அன்புடன்,
உன் அண்ணன்