ஸ்ட்ரெச்சிங் படம் இருக்கு, கிலோமீட்டர் கணக்கு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாரத்தானுக்கு எப்படி தயாராகறதுன்னு உங்க பேப்பர்ல வந்த கட்டுரையை படிச்சேன், இந்த விஷயத்துக்கு முழுப்பக்கம் ஒதுக்கினதுக்கு முதல்ல நன்றி. ஆனா அதுல பாதி இடத்தை ஸ்ட்ரெச்சிங் படங்களே எடுத்துக்கிச்சு, போதாததுக்கு ஓடறதுக்கு முன்னாடி இதெல்லாம் செஞ்சா காயமே வராதுன்னு கீழ ஒரு வரி வேற. புதுசா ஓட வர்றவங்க இதை அப்படியே நம்பிடுவாங்க, அதனாலதான் எழுதறேன்.

எந்த ரேஸுக்கு வேணா போய் ஸ்டார்ட் ஆகறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி பாருங்க, ஒருத்தர் குதிகாலை தடுப்புக் கம்பி மேல தூக்கி வெச்சு நெத்தி முட்டியில படணும்னு குனிஞ்சுக்கிட்டு இருப்பார், கூட வந்தவர் முதுகை அமுக்கிக்கிட்டே ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிக்கிட்டு இருப்பார், ரெண்டு பேருக்கும் உடம்பு இன்னும் சூடே ஆகியிருக்காது. இப்படி ஒரே தசையை ஒரு நிமிஷம், அதுக்கும் மேலன்னு இழுத்துப் பிடிச்சா கொஞ்ச நேரத்துக்கு அதோட பலம் லேசா குறையுதுன்னு பல ஆராய்ச்சியில பார்த்திருக்காங்க. அரை நிமிஷத்துக்குள்ள விட்டுட்டா பெருசா பாதிப்பு இல்ல, அதனால செஞ்சவங்க பயப்பட வேணாம். ஆனா செஞ்சாச்சு இனிமே காயம் வராதுன்னு நினைக்கறதுதான் தப்பு. ஆஸ்திரேலிய ராணுவத்துல புதுசா சேர்ந்த 1538 பேரை ரெண்டு பிரிவா பிரிச்சு பண்ணின ஒரு ஆய்வு 2000-ல வெளிவந்துச்சு, ரெண்டு பிரிவுக்கும் வார்ம் அப் உண்டு, ஒரு பிரிவுக்கு மட்டும் கால் தசை ஒவ்வொண்ணுக்கும் 20 செகண்ட் ஸ்ட்ரெச்சிங் கூடுதலா. கடைசில கால்ல காயம் பட்டவங்க கணக்கை பார்த்தா சொல்லிக்கற மாதிரி வித்தியாசம் எதுவும் இல்ல, ஆரம்பத்துலேயே ஃபிட்னஸ் கம்மியா இருந்தவங்களுக்குத்தான் அதிகமா அடிபட்டுது. மறுநாள் வர்ற சதை வலியும் அப்படித்தான், முன்னாடி இழுத்தாலும் பின்னாடி இழுத்தாலும் பேருக்குத்தான் குறையுது.

அப்போ ஸ்ட்ரெச்சிங்கே வேணாமான்னா அப்படி இல்லீங்க, நேரம்தான் மாறணும். ஓடறதுக்கு முன்னாடி ஒரு அஞ்சு பத்து நிமிஷம் வேகமா நடந்துட்டு மெதுவா ஜாக் பண்ணி, காலை முன்னும் பின்னும் வீசி, ஒரு காலை முன்னாடி வெச்சு முட்டியை மடக்கி இறங்கற லஞ்ச் (lunge) நாலு போட்டு, முட்டியை மேல தூக்கி கொஞ்சம் ஓடினா போதும். மெதுவா ஓடற லாங் ரன்னுக்கு அதுகூட தேவைப்படாது, முதல் கிலோமீட்டரே வார்ம் அப்தான். நின்ன இடத்துல இழுத்துப் பிடிக்கறதை ஓடி முடிச்சப்புறமோ சாயங்காலமோ வெச்சுக்கலாம். உங்க படத்துல விட்டுப்போன ஒண்ணு, சுவத்துல கை வெச்சு கெண்டைக்காலை இழுக்கறப்ப முட்டியை நேரா வெச்சா மேலாப்புல இருக்கற தசைதான் நல்லா இழுபடும், அதுக்கு அடியில இருக்கற சோலியஸ் தசைக்கு முட்டியை லேசா மடக்கணும், குதிகால் தரையை விட்டு எழும்பக் கூடாது. தூரம் ஓடறதுல இந்த சோலியஸுக்கு நிறைய வேலை உண்டு, ஆனா அதை யாரும் கண்டுக்கறதில்ல. வாரத்துல ரெண்டு நாள் படிக்கட்டு விளிம்புல நின்னு குதிகாலை மெதுவா இறக்கி ஏத்தினா இன்னும் நல்லது, அதுல இழுவையும் கிடைக்குது பலமும் ஏறுது.

கட்டுரையில ஒரு வரிகூட வராத விஷயம் கிலோமீட்டர் கணக்கு, எனக்கு பெரிய குறை அதுதான். மாரத்தானோட 42.195 கிலோமீட்டருக்கு தயாராக சாதாரணமா 16-லேர்ந்து 20 வாரம் வேணும், அதுவும் ஏற்கனவே ஓரளவு ஓடிக்கிட்டு இருக்கறவங்களுக்கு. லாங் ரன்னை கொஞ்சம் கொஞ்சமா 30, 32 கிலோமீட்டர் வரைக்கும் கொண்டு போகணும், மூணு வாரம் ஏத்தினா நாலாவது வாரம் இறக்கணும், கடைசி ரெண்டு மூணு வாரம் டேப்பர்னு நல்லாவே குறைக்கணும். மூச்சு சீக்கிரம் பழகிடும், எலும்பும் தசைநாணும் அவ்ளோ சீக்கிரம் பழகாது, ஆட்கள் மாட்டிக்கறது இங்கதான், மூச்சு வாங்கலையேன்னு இன்னும் அஞ்சு கிலோமீட்டர் சேர்த்து ஓடிட்டு அப்புறம் கால் வலிக்குதேன்னு ஸ்ட்ரெச்சிங் வீடியோ தேட ஆரம்பிச்சிடறாங்க.

ஸ்ட்ரெச்சிங்குக்கு நான் மனசார மார்க் போடற இடம் ஒண்ணு உண்டு, 35-வது கிலோமீட்டர் பக்கம் களைச்சுப்போய் கெண்டைக்கால் கல்லு மாதிரி பிடிச்சுக்குமே, அப்போ நின்னு பாதத்தை மெதுவா மேல மடக்கி அப்படியே பிடிச்சா விட்டுக்கொடுத்துடும், அந்த நேரத்துக்கு அதைவிட கைகண்ட வைத்தியம் எனக்கு தெரிஞ்சு இல்ல. வெட்டி வெட்டி இழுக்கக் கூடாது, அவ்ளோதான்.

அடுத்த வாரம் இதோட தொடர்ச்சி வரும்னு போட்டிருக்கீங்க, அதுல வாரவாரம் எவ்ளோ ஓடணும்னு ஒரு அட்டவணை போடுங்க. கூடவே கட்டம் கட்டி இன்னொண்ணும் போடுங்க சார்: முழங்கால் கீழ முன் எலும்புல ஒரே இடத்துல விரல் வெச்சு அமுக்கினா சுள்ளுன்னு வலிக்குது, ஓட ஓட வலி ஏறுதுன்னா அது தசை இறுக்கமா இல்லாம எலும்புல விழுந்த கீறலா இருக்கலாம், ஸ்ட்ரெச்சிங்ல சரியாகாது, ஓட்டத்தை நிறுத்திட்டு டாக்டர்கிட்ட காட்டணும்.

இப்படிக்கு,
உங்க வாசகர் ஒருத்தர்