இணையவழி இறையியல் படிக்க விரும்பும் மகளுக்கு

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். துபாயில் வேலையையும் குடும்பத்தையும் விடாமல் அமெரிக்காவில் ஓர் இறையியல் கல்லூரியில், அதாவது செமினரியில், ஆயர் பணிக்கான முதுநிலைப் பட்டமாகிய எம்.டிவ். படிப்பை இணையவழியாகப் படிக்க விரும்புவதாகவும், கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்காத இறையியலை நம் ஊரில் மதிப்பார்களோ என்று கலங்குவதாகவும் எழுதியிருந்தாய். படி என்பதே என் பதில். ஆனால் எத்தகைய ஏற்பாட்டோடு படிக்கவேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு.

தொலைவிலிருந்து கற்பது திருச்சபைக்குப் புதிதல்ல. பவுல் நேரில் போக முடியாத சபைகள் அவருடைய நிருபங்களைக் கொண்டே கற்றன. நம் காலத்திலும், குடும்பத்தையும் பிழைப்பையும் விட்டு ஆண்டுக்கணக்கில் செமினரியில் வந்து தங்க முடியாத கிராமச் சபைத் தலைவர்களுக்காக, 1963 இல் குவாத்தமாலாவின் பிரெஸ்பிட்டேரியன் செமினரி பாடங்களை அவர்கள் இருந்த ஊர்களுக்கே கொண்டு சென்றது. அந்த முறையைப் பின்பற்றியே 1971 இல் பெங்களூரில் டாஃப்டி என்னும் தொலைவழி இறையியல் கல்வி அமைப்பு தொடங்கப்பட்டது. அந்த ஏற்பாட்டில் பாடநூல் மட்டும் இருக்கவில்லை என்பதை நீ கவனிக்கவேண்டும். மாணவர்கள் வீட்டில் படித்தார்கள், குறித்த நாளில் கூடி ஆசிரியரை நேரில் கண்டு விவாதித்தார்கள், படித்ததைத் தங்கள் சபையிலேயே செய்து பார்த்தார்கள். இம்மூன்றில் பின்னிரண்டையும் கணினித் திரை உனக்குத் தராது. அவற்றை நீயேதான் தேடி அமைத்துக்கொள்ளவேண்டும். யோவானின் இரண்டாம் நிருபத்தின் கடைசிப் பகுதியை வாசித்துப் பார். எழுதவேண்டியவை இன்னும் பல இருந்தும், மையாலும் காகிதத்தாலும் எழுத மனமில்லாமல், நேரில் வந்து பேசவே அவர் விரும்பினார்.

ஆகவே விண்ணப்பம் அனுப்புவதற்கு முன் உன் சபை ஆயரிடம் போ. அவருடைய மேற்பார்வையில் ஊழியம் கற்க விரும்புவதாகச் சொல். அமெரிக்காவில் செமினரிகளுக்கு அங்கீகாரம் வழங்கும் ஏ.டி.எஸ். அமைப்பும், எம்.டிவ். படிப்பில் மேற்பார்வையுடன் கூடிய நேரடி ஊழியப் பயிற்சி இருக்கவேண்டும் என்றே கேட்கிறது. பலர் அதை ஒரு படிவத்தில் கையொப்பம் வாங்கும் காரியமாக முடித்துவிடுகிறார்கள்; நீ அப்படிச் செய்யாதே.

வளைகுடாவில் ஒரு தமிழ்ச் சபையின் ஆயர் என்ன செய்கிறார் என்பதை அருகில் இருந்து பார்க்க உனக்குக் கிடைத்திருப்பது பெரிய வாய்ப்பு. தொழிலாளர் முகாமில் ஒருவர் திடீரென்று இறந்துபோனால், காவல் நிலையம், தூதரகம், கம்பெனி, விமான நிலையம் என்று எல்லா இடத்திலும் தாள்கள் முடிந்து உடல் ஊருக்கு அனுப்பப்படும் வரையில், அந்த அறையில் உடன் தங்கியிருந்தவர்களைத் தேற்றுவதும், ஊரிலிருக்கும் மனைவியிடம் தொலைபேசியில் பேசுவதும் யாராவது ஒருவர் செய்யவேண்டிய வேலைகள். அப்போது எவ்வளவு பேசுவது, எந்தச் சங்கீதத்தை வாசிப்பது, எப்போது ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருப்பது என்பதை உடன் போய்த்தான் கற்க முடியும். மருத்துவமனைப் படுக்கையருகிலும், பிரிந்துவிட நினைக்கும் தம்பதியர் முன்னும், சண்டை மூண்ட சபைக் கமிட்டியிலும் அப்படியே. அங்கே கண்டதைப் பாடத்தோடு சேர்த்து யோசித்து, மாதம் ஒருமுறையாவது ஆயரோடு உட்கார்ந்து பேசு. அவர் உன் குறையைச் சொன்னால் கேட்டுக்கொள்.

பட்டமும் குருத்துவ அபிஷேகமும் ஒன்றல்ல. நம் தென்னிந்தியத் திருச்சபையில் திருமண்டலமே வேட்பாளர்களைத் தெரிந்தெடுத்து, பெரும்பாலும், இந்தியாவில் இறையியல் பட்டங்களை வழங்கும் செராம்பூர் செனட்டோடு இணைந்த கல்லூரிகளுக்கு அனுப்புகிறது. குருத்துவ அழைப்பு உனக்கு உண்டென்று நினைத்தால், பணம் கட்டுவதற்கு முன்பே, இந்தப் பட்டத்தை ஏற்பார்களா என்று திருமண்டல அலுவலகத்துக்கு எழுதிக் கேள். இந்தியரில் முதல் புராட்டஸ்டண்ட் குருவான ஆரோன் தரங்கம்பாடியில் 1733 இல் அபிஷேகம் பெற்றது, பல ஆண்டுகள் உபதேசியாராக உழைத்த பிறகுதான். பெண்ணுக்கு இது எதற்கு என்று கேட்பவர்களும் இருப்பார்கள். நம் திருச்சபையில் 2013 இல் புஷ்பலலிதா அம்மையார் நந்தியால் திருமண்டலப் பேராயராக அபிஷேகம் பெற்றார் என்பதை அவர்களுக்குச் சொல். அதற்கு மேல் வாதாடவேண்டாம்.

அங்கீகாரத்தைச் செமினரியின் விளம்பரத்தில் பார்க்காதே, அங்கீகாரம் வழங்கும் அமைப்பின் பட்டியலில் பார். பணம் கட்டினால் சில வாரங்களில் டாக்டர் பட்டம் தருவோர் நம் ஊழியர்களையே தேடி வருகிறார்கள். அத்தகைய பட்டத்தைப் பெயருக்கு முன் போட்டுக்கொண்டு பிரசங்கபீடத்தில் நிற்பது பொய் சொல்வதாகும்.

எம்.டிவ். படிப்புக்கு ஏ.டி.எஸ். விதித்திருக்கும் குறைந்த அளவு 72 கிரெடிட், அதாவது பாட அளவு அலகு. பருவத்துக்கு ஆறு கிரெடிட் வீதம் ஆண்டுக்கு இரண்டு பருவம் படித்தால் ஆறு ஆண்டுகள் ஆகும். உன் வேலைக்கும் பிள்ளைகளுக்கும் அதுவே தகுந்த வேகம். கடன் வாங்கிப் படிக்காதே. நேரலை வகுப்பு கட்டாயமா என்றும் கேள், ஏனெனில் நியூயார்க்கில் மாலை ஏழு மணி என்பது உனக்கு விடியற்காலை மூன்று அல்லது நான்கு மணி. மாப்பிள்ளையின் மனப்பூர்வமான சம்மதம் இல்லாமல் இதைத் தொடங்காதே.

வேதத்தின் மூல மொழிகளான கிரேக்கத்தையும் எபிரேயத்தையும் தவிர்க்க வழியிருந்தாலும் தவிர்க்காதே. தினமும் அரைமணி நேரம் ஒதுக்கினால் போதும், ஆனால் ஒரு நாளும் விடக்கூடாது. நீ ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் ஊழியம் செய்யப்போகிறவள். அமெரிக்கப் பேராசிரியர்கள் தங்கள் நாட்டுச் சபைகளை மனதில் வைத்தே பேசுவார்கள், அதில் தவறில்லை. நீ எழுதும் ஒவ்வொரு கட்டுரையின் கருத்தையும் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் பத்து நிமிடம் தமிழில் சொல்லிப் பார். கேட்டவர்களுக்கு விளங்கவில்லை என்றால், நீ இன்னும் அந்தப் பாடத்தைக் கற்று முடிக்கவில்லை என்று வைத்துக்கொள்.

முதல் பருவக் கட்டணத்தில் பாதியை நான் அனுப்புகிறேன், அம்மாவும் சம்மதித்துவிட்டாள். ஆயரைப் பார்த்த பிறகு அவர் என்ன சொன்னார் என்று எழுது, பாடத்திட்டத்தையும் அனுப்பிவை.

அன்புடன்,
அப்பா