காதுக்கு வேலை கொடுக்கச் சொல்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நிலத்தகராறு ஒருவழியாக முடிந்ததே, பெரிய நிம்மதி. ஜெர்மனிக்குச் செவிலியர் வேலைக்குப் போகவிருக்கும் உன் பெண், மொழி வகுப்பு முடிந்த பிறகும் காதில் இயர்போனை மாட்டி ஜெர்மன் கேட்டுக்கொண்டே கிடக்கிறாள், இதில் பயன் உண்டா என்று கேட்டிருந்தாய். உண்டு. எதைக் கேட்கிறாள் என்று மட்டும் விசாரித்துக்கொள்.

மகன் ஸ்டுட்கார்ட்டில் குடியேறிய பிறகு, பேரன் பேசுவது புரிய வேண்டுமே என்று நானும் இதில் இறங்கியவன்தான். முப்பது நாளில் சரளமாகப் பேச வைப்பதாகச் சொல்லும் வீடியோக்களை அவள் தொடவே வேண்டாம். ஜெர்மனியின் டாய்ச்ச வெல்லெ ஒலிபரப்பு நிறுவனம் செய்திகளை நிறுத்தி நிதானமாக வாசித்து பாட்காஸ்டாகத் தருகிறது. வாசிப்பின் எழுத்து வடிவமும் கிடைக்கும். முதலில் வெறும் காதால் கேட்டு, பிறகு எழுத்தைப் பார்த்து, மறுபடியும் பார்க்காமல் கேட்க வேண்டும். அதே செய்தியைத்தான், புதிதுபுதிதாகத் தாவினால் ஒன்றும் தங்காது. அவர்களுடைய ‘நிக்கோஸ் வெக்’ தொடரும் இலவசம். ஸ்பெயினிலிருந்து வந்து விமான நிலையத்திலேயே பையைத் தொலைக்கும் இளைஞனின் கதை. ஆனால் அது மொழித்தேர்ச்சியில் இடைநிலையான பி1 நிலையோடு முடிந்துவிடும். செவிலியராக அங்கீகாரம் பெற அங்கே பெரும்பாலும் அதற்கு அடுத்த படியான பி2 கேட்கிறார்கள்.

வீடியோவில் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. முகமும் கையசைவும் பாதி அர்த்தத்தைச் சொல்லிவிடும். கீழே ஆங்கில சப்டைட்டில் ஓடினால் மீதியைக் கண் படித்துவிடும். காது சும்மா இருக்கும். வேண்டுமென்றால் சப்டைட்டிலை ஜெர்மனிலேயே போட்டுக்கொள்ளட்டும்.

துணைவாக்கியங்களில் வினை கடைசியில் வருவது ஆங்கிலேயருக்குத் திணறல். நமக்குப் பிறந்த வீட்டுப் பழக்கம். எண்கள்தான் படுத்தும். இருபத்து நான்கை ‘நான்கும் இருபதும்’ என்ற வரிசையில் சொல்வார்கள். நாற்பத்திரண்டாகக் காதில் விழுந்தால், மருந்தளவு கேட்கும் இடத்தில் அது விளையாட்டல்ல. எண்களை மட்டும் தனியாகக் கேட்டுப் பழகச் சொல்.

குழந்தைகளுக்கானது என்று ஒதுக்காமல், 1971 முதல் ஒளிபரப்பாகும் ‘மவுஸ்’ நிகழ்ச்சியையும் பார்க்கட்டும். அன்றாடப் பொருள்கள் எப்படி உருவாகின்றன என்று அதில் காட்டுவார்கள். பாடப்புத்தகம் எட்டிப்பார்க்காத சொற்கள் எல்லாம் வரும். தொடக்க அறிவிப்பை ஜெர்மனில் சொன்னதும் வேறொரு மொழியில் திரும்பச் சொல்வார்கள். அது என்ன மொழி என்று ஊகிப்பதில் பேரனுக்கும் எனக்கும் சண்டையே வரும்.

இன்னொன்று. பாட்காஸ்டில் பேசும் திருத்தமான ஜெர்மனை நோயாளிகள் பேச மாட்டார்கள். ஸ்டுட்கார்ட் பக்கத்து முதியவர்களின் ஷ்வேபிஷ் என்ற வட்டாரப் பேச்சு எனக்கு இன்றும் பாதிதான் பிடிபடுகிறது. வேலை எந்த ஊரில் என்று தெரிந்ததும் அந்த வட்டாரப் பேச்சைத் தேடிக் கேட்பது நல்லது.

கேட்டுக்கொண்டே இருந்தால் வாய் திறந்துவிடாது. ஞாயிறு மாலைகளில் என்னை அழைத்து, அன்று கேட்ட செய்தியை அரைகுறையாகவாவது ஜெர்மனில் சொல்லட்டும். இடையில் குறுக்கிட்டுத் திருத்த மாட்டேன். கட்டணமாக உன் வீட்டு மாவடு ஒரு ஜாடி வந்து சேர வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்