காலாண்டு என்றால் எந்த மூன்று மாதம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் வணிகப் பக்கத்தில் 'முதல் காலாண்டு' என்று மட்டும் அச்சிடும்போது, அது ஜனவரி முதல் மார்ச் வரையா, நிதியாண்டுக் கணக்கில் ஏப்ரல் முதல் ஜூன் வரையா என்பது விளங்குவதில்லை. ஆங்கிலத்தில் 'குவார்ட்டர்' என்பது நான்கில் ஒரு பங்கு. ஆண்டு எங்கே தொடங்குகிறதோ, அதைப் பொறுத்தே அந்த மூன்று மாதங்கள் அமையும்.

அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஆகஸ்ட் நடுவில் பணம் போட்ட என் தாயார், காலாண்டு வட்டி என்றதால் நவம்பரில்தான் கிடைக்கும் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். ஜூலை–செப்டம்பர் காலாண்டு முடிந்ததால், செப்டம்பர் 30 வரையிலான ஒன்றரை மாத வட்டி அக்டோபர் தொடக்கத்திலேயே பாஸ்புக்கில் ஏறியிருந்ததைக் கண்டு, கணக்குத் தவறிவிட்டதோ என்று பதறினார்.

கேரள எல்லையோரத்தில் வாழும் எங்களுக்குக் குழப்பம் இரட்டிப்பு. மலையாள நாளிதழ்கள் முதல் காலாண்டையே 'ஒந்நாம் பாதம்' என்று எழுதுகின்றன; அங்கே 'பாதம்' என்பது கால் பங்கு, தமிழருக்கோ காலடி. 'குவார்ட்டர்' என்று அப்படியே எழுதினாலோ, நம்மவர் நினைவுக்கு வருவது 180 மில்லி மதுப்புட்டிதான்!

ஆகவே 'காலாண்டு' என்ற நல்ல சொல்லை விடாமல், பக்கத்திலேயே மாதங்களையும் 'ஏப்ரல்–ஜூன் காலாண்டு' என்பதுபோல் குறிப்பிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.