செல்வாவுக்கு, அப்பாவின் கால் புண் பற்றி

செல்வா,

மூன்று மாதமாகப் பதில் போடாததற்குத் திட்டித் தீர்த்துவிட்டுப் படி. வாணி பாஸானதில் சந்தோஷம். பரோட்டா பாக்கி அப்படியே நிற்கிறது.

அப்பாவின் உள்ளங்கால் படம் பார்த்தேன். ஆறு வாரமாகியும் ஆறவில்லையே, எதிர்ப்பு சக்தியே இல்லையா என்கிறாய். இருக்கிறதடா, வந்த வெள்ளணுக் கூட்டம் கலைய மாட்டேன் என்கிறது!

தோல் கிழிந்த சில மணி நேரத்தில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு வந்து கிருமியை விழுங்கும், புரதத்தை அரிக்கும் நொதிகளைக் கொட்டும், சீக்கிரமே செத்தும் போகும். இரண்டு மூன்று நாளில் மேக்ரோஃபேஜ் என்ற இன்னொரு வெள்ளணுவின் ராஜ்ஜியம். செத்த நியூட்ரோஃபிலை விழுங்க விழுங்க அதன் குணமே மாறும். சண்டையை விட்டுவிட்டு, புது ரத்தக்குழாய் முளைக்கவும் திசுவைத் தாங்கும் நார்ப்புரதமான கொலாஜன் சேரவும் ஆள் கூப்பிடும். 1975-ல் லீபோவிச், ராஸ் என்ற ஆராய்ச்சியாளர்கள் கினிப்பன்றிகளில் மேக்ரோஃபேஜைக் குறைத்துப் பார்த்தார்கள். புண்ணில் குப்பை அப்படியே தேங்கியது, நார்த்திசு வரத் தாமதமானது.

அப்பாவுக்குப் போல ரத்தத்தில் சர்க்கரை ஏறிக் கிடந்தால் இந்த மாற்றம்தான் சரியாக நடப்பதில்லை. மேக்ரோஃபேஜ் சண்டைக் குணத்திலேயே நிற்கும். நியூட்ரோஃபில் தன் டி.என்.ஏ.வையே வலையாக வீசும். புதிதாகப் போட்ட கொலாஜனை அந்த நொதிகளே தின்றுவிடும். படத்தில் ஓரம் வெள்ளையாகத் தடித்திருக்கிறதே, அது காய்ப்பு. நடுவில் மஞ்சளாய் வழவழவென்று இருப்பது செத்த திசு. இரண்டையும் சர்ஜன் சீவி எடுக்காமல் எந்தக் களிம்பும் பலிக்காது.

அத்தை தினமும் ஊற்றும் ஹைட்ரஜன் பெராக்சைடை முதலில் நிறுத்து. நுரை பார்க்க ஜோர்தான், புண்ணை மூட வரும் செல்களையும் அது கொல்லும். சலைனால், அதாவது மருந்துக்கடை உப்பு நீரால், கழுவினால் போதும். காற்றாடக் காயவிடாதே, பொருக்கு தட்டினால் தோல் செல்கள் அதன் அடியில் புகுந்து போகவேண்டும், நாள் இழுக்கும். எல்லாவற்றையும்விட, அந்த இடத்தில் பாரம் படக்கூடாது. கட்டுப் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறினால் ஒவ்வோர் அடியும் புதுக் காயம்தான்.

பாதத்தில் நாடி பார்த்தார்களா? ரத்தம் போகாத காலுக்கு வெள்ளணு எந்த வழியாகப் போகும்? இதைக் கேட்காமல் வந்துவிடாதே.

வாரம் ஒருமுறை நீளம், அகலம் அளந்து எழுதி வை. சரியாகக் கவனித்தும் நாலு வாரத்தில் பரப்பு பாதியாகவில்லை என்றால் வைத்தியத்தை மாற்றச் சொல்லிக் கேள். சிவப்பு பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ, எலும்பு தட்டுப்பட்டாலோ என் பதிலுக்குக் காத்திருக்காதே, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ.

பெராக்சைடு பாட்டிலை அத்தை கண்ணில் படாமல் ஒளித்து வை. கேட்டால் என் பேரைச் சொல். எப்படியும் என்னைத்தானே திட்டுவாள்.

உன்,
குமார்